தபால்காரர் நல்லையாவின் எடை

மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் தபால்காரர் நல்லையாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அந்த உடம்பு விடாது. ஐந்தடி ஐந்தங்குல உயரம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. காக்கிச் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவே எப்போதும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் பின்சக்கரம் ஒருமுறை முனகிவிட்டுத்தான் நகரும். "இன்னிக்குக் கடிதாசி கம்மிதானே, அப்புறம் ஏன் நல்லையா இவ்வளவு பெரிய மூட்டை?" என்று கடைக்காரர்கள் அவன் வயிற்றைக் காட்டிக் கேட்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது? இருபத்தேழு வயது வரை கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் ஒன்றும் உட்கார்ந்து தின்கிற ஆள் இல்லை. காலை ஏழு மணிக்குப் பையை மாட்டினால் காஜா பேராங், அக்கம்பக்கத்துக் கம்பத்துக் கிராமங்கள், ஆற்றங்கரைக் கடைகள், ஜாலான் துக்காங் எமாஸ் என்று சுற்றி முடிக்க மதியம் இரண்டாகும். அவனோடு வேலை செய்த சேதுராமன் இருக்கிறானே, காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், பத்து மணிக்கு நாலு வடை, மதியம் தட்டு மறையச் சோறு என்று அரைத்துத் தள்ளுவான். ஆணியில் சட்டை மாட்டியதுபோல்தான் இருப்பான். கடவுளைக் கணக்குப் பரீட்சை எழுதச் சொன்னால் தேறமாட்டார் என்பது நல்லையாவின் அபிப்பிராயம்.

1957 ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தே பழகியவன் தன் பெயர் போட்ட உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தான். ஆகஸ்டு கடைசியில் மலாயாவுக்குச் சுதந்திரம். துரைமார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். 'தற்காலிகம்' என்ற பெயரில் ஆறு வருஷமாக மழையிலும் வெயிலிலும் அலைந்தவர்களை நிரந்தரமாக்க மேலிடத்துக்கு ஒருவழியாக மனசு வந்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. அரசாங்க டாக்டர் உடம்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பென்ஷன் வரைக்கும் கவலையில்லை. போடாவிட்டால் எந்தச் சனிக்கிழமையும் கூப்பிட்டு 'திங்கட்கிழமை வர வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

டாக்டர் தியோ சிங்கப்பூரில் படித்துவிட்டுப் புதிதாக வந்த சீன இளைஞர். ஆங்கிலம்தான் பேசுவார். அவருடைய மலாய் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். நல்லையா ஏழாவது வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், சமாளித்தான். அவனை எடை இயந்திரத்தில் ஏற்றி முள்ளைப் பார்த்தார் டாக்டர்.

"நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டு. உங்க உயரத்துக்கு என் அட்டவணையில் நூற்று எண்பதுதான் எல்லை. குறைச்சுட்டு ஜூலை பதினைந்தாம் தேதி வாங்க" என்றார். ஏதோ தலைமுடியை வெட்டிக்கொண்டு வா என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

பதினாறு பவுண்டு. வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பயம் அதைவிடப் பழையது. அந்த உடம்பு அவன் அப்பாவின் உடம்பு.

அப்பா தெய்வநாயகம் பத்து பெரெண்டாமில் விமானத் திடலில் புல் வெட்டுகிறவர். ஜப்பான்காரன் காலத்தில் ஊரே எலும்பும் தோலுமாக நடமாடியபோது அவர் ஒருத்தர்தான் ஆளாகத் தெரிந்தார். நல்லையாவின் அம்மா மீனாச்சி கன்னம் ஒட்டி, கால் வீங்கி, 1944-இல் செத்துப்போனாள். பிணத்தை எடுப்பதற்கு முன்பே அவள் தங்கை பாக்கியம் நடுவாசலில் நின்று கத்தினாள்: "பொண்டாட்டி பங்கையும் சேத்துத் தின்னுட்டு நிக்கிறான் பாருங்க! உடம்பைப் பாருங்க, உடம்பை!" தெய்வநாயகம் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரே பிள்ளை, பதினாலு வயது நல்லையா, சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காஜா பேராங் வந்தான். அதோடு சரி. பதின்மூன்று வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கல்யாணத்துக்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

ஆனால் உடம்பு கேட்கிறதா? சின்னம்மாவும் சித்தப்பாவும் முருங்கைக் குச்சிகள். அவர்கள் வீட்டில், அவர்கள் சட்டியில், அவர்கள் தின்றதையே தின்று நல்லையா பருத்தான். பதினெட்டு வயதில் கண்ணாடியில் அப்பா எட்டிப் பார்த்தார். இருபத்தைந்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த உடம்பைப் பார்க்கிறவர்கள் 'இவனும் யாரோ ஒருத்தர் பங்கைத் தின்றவன்தானே' என்று நினைப்பார்கள் என்று உள்ளூர நம்பினான். ஆகவே பதினாறு பவுண்டு இறங்க வேண்டும். வேலைக்காகவும் இறங்க வேண்டும், அந்தக் கெட்ட பேருக்காகவும் இறங்க வேண்டும்.

மனைவி சந்திரமதி செமாபோக்கில் வளர்ந்தவள். எதிலும் கறார். அன்றைக்கே அரிசி அளக்கிற டின்னை மாற்றிவிட்டாள். காலையில் சீனி போடாத கோப்பி, மதியம் ஒரு கைப்பிடிச் சோறும் கீரையும், ராத்திரிக்கு அவித்த காய். தேங்காய்ப்பால் வீட்டுக்குள் வரக்கூடாது. எண்ணெய்ப் புட்டி மேல் பலகைக்குப் போய்விட்டது. நல்லையா தன் பங்குக்குச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாக் கடிதத்தையும் நடந்தே கொடுக்க ஆரம்பித்தான். மதியம் இரண்டு மணிக்கு முடிந்த வேலை மூன்றரைக்கு முடிந்தது.

மேலும் ஒரு சோதனை உண்டு. காஜா பேராங் மலாக்காச் செட்டிகள் வாழ்கிற இடம். நெற்றியில் திருநீறு, பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு மட்டும் மலாய். மே மாதம் மாரியம்மன் திருவிழா வந்தால் வீட்டுக்கு வீடு பலகாரம். தபால்காரனை வெறுங்கையோடு அனுப்புவது அவர்களுக்குப் பாவம். பக்கத்து வீட்டு ஜெயா அக்கா தட்டு நிறையப் பலகாரத்தோடு வேலியோரம் வந்து நின்று, "தா மாவு? சாக்கிட் கா?" என்பாள். வேண்டாமா, உடம்புக்கு என்ன என்று முகம் வாடிக் கேட்பாள். வெல்லமும் தேங்காயும் மணக்க மணக்க, நல்லையா எச்சிலை விழுங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வான். இப்படி வருஷத்தில் ஒரு தரம் அல்ல, அந்த மாதம் முழுக்க.

எடை பார்க்கத்தான் வழியில்லை. ஆஸ்பத்திரி இயந்திரத்தில் சும்மா ஏறவிடமாட்டார்கள். ஆற்றங்கரை அரிசிக்கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருந்தது. அதை இருபது வருஷமாகக் கையாண்டவர் சுப்பையன். தண்டில் குண்டைத் தள்ளிக்கொண்டே எண்ணைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வார், உள்ளே கடை முதலாளி தவுக்கே எழுதிக்கொள்வார். அங்கே எல்லாம் கட்டிக் கணக்கு. மூன்று கட்டி நாலு பவுண்டு. நல்லையா பென்சிலால் போட்டுப் பார்த்தான். ஏறிய எடை நூற்று நாற்பத்தேழு கட்டி. இறங்க வேண்டியது நூற்று முப்பத்தைந்துக்கு.

முதல் பத்து நாள் பட்டினி கிடந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை தராசுமேல் ஏறித் தெருப்பக்கம் பார்த்து நின்றான். பின்னால் குண்டு நகர்கிற சத்தம் கேட்டது.

"நூத்தி நாப்பத்தி நாலேய்!" என்று இழுத்தார் சுப்பையன்.

மூன்று கட்டி! பத்தே நாளில் மூன்று கட்டி! நல்லையா தராசிலிருந்து குதித்தான், கடைப் பலகையெல்லாம் ஆடியது. வீட்டுக்கு ஓடிப்போய் சந்திரமதியிடம் சொன்னான். இருவரும் சுவரில் கரிக்கோடு போட்டார்கள். மே மாதக் கடைசியில் நூற்று நாற்பது. ஜூன் பாதியில் நூற்று முப்பத்தேழு. மூன்றாவது நான்காவது பொத்தானுக்கு நடுவே இருந்த ஜன்னல் சாத்திக்கொண்டது. கடைக்காரர்கள், "என்ன நல்லையா, பொண்டாட்டி சோறு போடலியா?" என்று பேச்சை மாற்றினார்கள்.

அதற்கப்புறம் குண்டு நகரவில்லை. நூற்று முப்பத்தாறு. அடுத்த வாரம் நூற்று முப்பத்தாறு. அதற்கடுத்த வாரமும் அதே நூற்று முப்பத்தாறுதான். ஒரு கைப்பிடிச் சோறு அரைக் கைப்பிடியாயிற்று. நல்லையாவுக்கு மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு மட்டும், 'நீ என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள், நான் இங்கேயேதான் இருப்பேன்' என்று சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

சந்திரமதிக்குக் கணக்கு உதைத்தது. தானே அளந்து போடுகிற சோறு. அதற்குமேல் ஒரு பருக்கை கிடையாது. பின்னே எப்படி?

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. வெளியில எங்கியாச்சும் வாய் வைக்கிறீங்களா?"

"என்ன சந்திரா பேசுற? பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் குடிக்கல."

"அப்புறம் எப்படிங்க குறையாம நிக்கும்? நானும் அதே சோத்தைத்தான் திங்கிறேன், எனக்கு வளையல் கையில நிக்க மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் காத்துல வருதா?" அவளுக்கும் பசி. பசியில் வாய் நீண்டது. "மறைச்சுத் திங்கிறது உங்க குடும்பத்துக்குப் புதுசா என்ன? சின்னம்மாதான் கதை கதையாச் சொல்லியிருக்காங்களே!"

தின்றவன் 'தின்றேன்' என்று சொல்லலாம். தின்னாதவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? வயிற்றைக் காட்டினால் வயிறே எதிர்ச்சாட்சி சொல்கிறது. நல்லையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். 'பதில் சொல்ல முடியல பாத்தியா' என்று சந்திரமதி அடுப்பங்கரையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். தலையில் முக்காடு போட்டு, குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, புருஷனுக்கு நூறடி பின்னால் நடந்தாள். காலை ஏழிலிருந்து மதியம் மூன்றரை வரை. ஒரு வீட்டில் கோப்பி நீட்டினார்கள், கையை ஆட்டிவிட்டுப் போனான். இன்னொரு வீட்டில் வாழைப்பழம், வேண்டாமென்றான். பிள்ளையார் கோவில் வாசலில் பொங்கல் கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னால் நின்ற கிழவரிடம் கொடுத்துவிட்டான். பத்து மணி வெயிலில் ஒரு குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்தான், குடித்துவிட்டு இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்திரமதி குடைக்குள்ளேயே அழுதாள். பிற்பாடு அரிசிக்கடையில் சுப்பையன் எண்ணை இழுத்துச் சொன்னபோது அவளும் தெருமுனையில் நின்று கேட்டுக்கொண்டாள். நூற்று முப்பத்தைந்து.

வீட்டுக்கு வந்தவன் பார்த்தது, காலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியை. இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"எங்க போனே?"

"உங்க பின்னால" என்றாள். "பூரா நேரமும் உங்க பின்னாலதான் வந்தேன். கோப்பி வேணாம்னீங்க, பழம் வேணாம்னீங்க. பொங்கலைத் தூக்கிக் குடுத்தீங்க. எல்லாத்தையும் பாத்தேன். நான் பேசினது தப்புங்க. என்னை நாலு வார்த்தை திட்டுங்க."

அவன் திட்டவில்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒருத்தி நம்புகிறாள். ஒன்பது மைல் வெயிலில் நடந்து, கண்ணால் பார்த்து நம்புகிறாள். அந்த சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. தனக்குப் பின்னால் சந்திரமதி வந்தாள், அப்பாவுக்குப் பின்னால் யார் போய்ப் பார்த்தார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. சின்னம்மா போனாளா? தான் போனானா? நினைப்பை விரட்டிவிட்டுக் குளிக்கப் போனான். விரட்டினால் போகிற நினைப்பா அது.

ஜூலை பதினைந்து. வேட்டைக்குப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ஏறினான். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"நூற்று எண்பத்திரண்டே முக்கால்."

"இல்ல சார், நூற்று எண்பது. நல்லாப் பாருங்க சார்."

டாக்டர் இயந்திரத்தைச் சரிபார்த்து மறுபடி ஏற்றினார். அதே எண். மூன்று மாதப் பட்டினியும் நடையும் இரண்டே முக்கால் பவுண்டில் போய்ச் சேர்ந்ததே என்று நல்லையா வாய்விட்டுப் புலம்பிவிட்டான். என்ன தின்றாய், எவ்வளவு நடந்தாய் என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னான். அவர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், சிறுநீரைப் பரிசோதிக்க அனுப்பினார். ஒரு குறையும் இல்லை.

"மிஸ்டர் நல்லையா, சாப்பாட்டைக் குறைச்சால் எடை இறங்கும். நடந்தால் இறங்கும். நீங்களும் பதின்மூணு பவுண்டு இறங்கியிருக்கீங்க. ஆனால் எங்கேயிருந்து இறங்க ஆரம்பிக்கிறோம், எங்கே வந்ததும் உடம்பு முரண்டு பிடிக்கும் என்பதை இயற்கை நம்ம கையில மட்டும் விடல. அதில் பெத்தவங்க பங்கு பெரிசு. உங்க அப்பா எப்படி?"

நல்லையா தரையைப் பார்த்தான். "பெரிய உடம்பு, சார்."

"உயிரோட இருக்காரா? வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டிட்டு வாங்க. இது நோயில்லை, குடும்ப உடல்வாகு என்று நான் கண்ணால் பார்த்து எழுதினால் இந்த அட்டவணை உங்களைக் கட்டுப்படுத்தாது. வாய்ச்சொல்லை வெச்சு எழுத மாட்டேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அரிசிக்கடைக்குப் போனான் நல்லையா. அப்பாவிடம் போவதைவிடச் சுப்பையனிடம் சண்டைக்குப் போவது சுலபம்.

"என்னண்ணே தராசு இது? நூத்தி முப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க, அங்க ரெண்டு கட்டி கூட நிக்குது!"

சுப்பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எந் தராசைப் பத்திப் பேசாதே தம்பி! குண்டுமணி பிசகாது. நூத்தி முப்பத்தேழு நின்னுச்சு, சாக்கு கழிச்சு முப்பத்தஞ்சுன்னு சொன்னேன்."

"என்ன சாக்கு?"

"சாக்கு எடை ரெண்டு கட்டி. எல்லா மூட்டைக்கும் கழிச்சுத்தானே சொல்லணும்..." சுப்பையனின் குரல் பாதியிலேயே இறங்கியது.

"அண்ணே, நான் என்ன சாக்கைக் கட்டிக்கிட்டா ஏறினேன்?"

சுப்பையன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷம் நாக்கு பழகிய பழக்கம், மனுஷன் ஏறினாலும் மூட்டை ஏறினாலும் இரண்டைக் கழித்துவிட்டுத்தான் பாடும். உள்ளே தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். நல்லையாவுக்கும் கடைசியில் சிரிப்புத்தான் வந்தது, அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு.

மறுநாள் மாலை பத்து பெரெண்டாம் போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். தெய்வநாயகம் வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வெளியே அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. காலை ஏழிலிருந்து நாலு வரை வெயிலில் குனிந்து புல் வெட்டுகிற உடம்பு, இன்னும் அதே உடம்புதான். பக்கத்தில் ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும். சட்டியில் வேறு ஒன்றும் இல்லை. நல்லையா அதை முதலில் பார்த்தான், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான்.

"வாப்பா" என்றார் அவர். பதின்மூன்று வருஷம் ஆனதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "ஒக்காரு."

நல்லையா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான். வேலை, டாக்டர், நூற்று எண்பது, வெள்ளிக்கிழமை. சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்த உடம்பைப் பார்த்து ஊரோடு சேர்ந்து காறித் துப்பினானோ அந்த உடம்பை இரவல் கேட்டு வந்து நிற்கிறான்.

"என்னை எடை போடணுமா?" தெய்வநாயகம் சிரித்தார். "சரி, இந்த உடம்பால இவ்வளவு நாளும் கெட்ட பேருதான். ஒனக்காச்சும் ஒதவட்டும். வர்றேன்."

கேட்க வந்தது இன்னொன்றும் இருந்தது. அம்மா பங்கை நீங்க தின்னீங்களா என்று ஒரு மகன் எந்த வாயால் கேட்பான்? நல்லையா கேட்காமலேயே பஸ் ஏறிவிட்டான்.

வெள்ளிக்கிழமை தெய்வநாயகம் வெளுத்த வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை சீவி வந்தார். டாக்டர் அவர் நெஞ்சையும் நாடியையும் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். நல்லையா ஆங்கிலத்தில் சொன்னான். கடைசியாக எடை இயந்திரத்தில் ஏற்றினார். இருநூற்றொரு பவுண்டு. டாக்டர் ஒரு தரம் அப்பாவைப் பார்த்தார், ஒரு தரம் மகனைப் பார்த்தார். படிவத்தை எடுத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முடிஞ்சுது. உங்க வேலைக்கு இனிமேல் என்னால் தடை இல்லை."

நல்லையாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பா இன்னும் இயந்திரத்தின்மேல்தான் நின்றார், இறங்கச் சொல்லட்டும் என்று கைகட்டிக்கொண்டு. டாக்டர் பேனாவை மூடப்போனவர் நிறுத்தினார். "எனக்காக ஒண்ணு கேளுங்களேன். போர்க்காலத்திலும் இவர் இப்படித்தான் இருந்தாரா? அப்போ யாருக்குமே சாப்பாடு இல்லையே. மத்தவங்களுக்குக் கிடைக்காதது இவருக்கு ஏதாவது கிடைச்சுதா?"

தெரியாது என்று நல்லையா தானே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா பக்கம் திரும்பினான்.

"சப்பான்காரன் காலத்துல... நீங்க மட்டும் எளைக்காம இருந்தீங்களே. ஒங்களுக்கு மட்டும் திங்க ஏதாச்சும் கெடச்சுதா?"

தெய்வநாயகம் அவனைப் பார்த்தார். "இதை டாக்டர் கேக்குறாரா, நீ கேக்குறியா?"

"ஏன்?"

"டாக்டர் கேட்டா சொல்றேன். நீ கேட்டா சொல்றதுக்கு இல்ல."

"டாக்டர்தான் கேக்குறாரு."

"அப்ப அவருகிட்ட சொல்லு. நானும் எளைச்சேன். வேட்டியை ரெண்டு சுத்து கூடச் சுத்திக் கட்டினேன். மத்தவங்க குச்சியாப் போனதால நான் ஆளாத் தெரிஞ்சேன். கெழங்குதான் தின்னோம். என் பங்குல பாதியை மீனாச்சிக்குக் குடுத்தேன்."

நல்லையா ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னான். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு காகிதத்தில் எழுதினார்.

"அவ அதையும் திங்கல" என்றார் தெய்வநாயகம். "அவ பங்கையும் திங்கல. எல்லாத்தையும் பிள்ளை தட்டுல வச்சா. வளர்ற பிள்ளை, பசி தாங்காதுன்னா. பிள்ளைக்குத் தெரியாது. தெரியவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. டாக்டருக்குச் சொல்லலாம், அவரு நம்ம ஆளு இல்ல."

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நல்லையாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. கடைசியில், "அவர் மனைவி சாப்பிடவில்லை, சார்" என்றான். "எல்லாவற்றையும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைக்குத் தெரியாது."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார்.

"ஒன்றுதான், சார்" என்றான் நல்லையா.